வீட்டு ஆடு மேயும் நிலம்

எனக்கு ஆட்டுக்கறி பிடிக்கும். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பென்ரோஸ் வீட்டுக் கறியை நான் மட்டமாக நினைத்தேன், சிரித்துக்கொண்டே வாங்கிப் போய்க் குப்பையில் போட்டேன் என்றெல்லாம் டல்லூரா ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். உங்கள் கேள்விகளிலும் அந்த வாடை அடிக்கிறது. அது உண்மையில்லை. நெரிடா பென்ரோஸ் காலையில் அடுப்பில் ஏற்றி மத்தியானம் வரைக்கும் மெதுவாக வேகவிடும் தோள்கறியைப் போல இந்தச் சமவெளியில் வேறு எந்த வீட்டிலும் கிடைக்காது. அவள் எனக்குக் கொடுத்ததில் ஒரு துண்டுகூட வீணாகவில்லை.

என் பெயர் ரோஸ்லின் ஹார்கட். ஊரில் ராஸ். சுற்றுச்சூழல் வாரியத்தின் மேற்கு வட்டார மண் அதிகாரி. போன வாரம் வரைக்கும் அப்படித்தான். டல்லூராவின் கழிவுநீரெல்லாம் போய்ச் சேரும் நிலையத்தில் அடியில் தங்கும் சேற்றை வெயிலில் காயவைப்பார்கள். காய்ந்தால் கறுப்பாக, கட்டி கட்டியாக வரும். நாங்கள் அதைக் கேக் என்போம். எந்தப் பண்ணைக்கு எந்தக் குவியலிலிருந்து கேக் போகலாம், வீட்டுக்கும் குடிநீர்க் குளத்துக்கும் எவ்வளவு தள்ளி இறைக்க வேண்டும், இறைத்த பின் எவ்வளவு காலம் ஆடுகளை அந்தப் பக்கம் விடக் கூடாது, இதெல்லாம் என் பொறுப்பு. நான் சரி என்று சொல்லாமல் ஒரு லாரி நகராது. இத்தனை வருஷத்தில் என்னைக் கவனக்குறைவானவள் என்று யாரும் சொன்னதில்லை. நீங்கள்தான் முதலில் சொல்கிறீர்கள். வழக்கறிஞர் வேண்டாமென்று சொல்லிவிட்டு நான் இங்கே வந்து உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

பென்ரோஸ் பண்ணைக்கு முதல் தடவை கேக் போனது வறட்சி முடிந்த கையோடு. நெரிடாவின் கணவன் கார்த் பென்ரோஸ் தானாகவே என் அலுவலகத்துக்கு வந்து கேட்டான். அவன் நிலத்தில் அப்போது புல் முளைத்தால் அதை ஆள் கூட்டிக் காட்டுவார்கள், அந்த நிலைமை. கேக்கில் ஈயம், காட்மியம் எல்லாம் சோதித்தோம். எல்லாம் வரம்புக்குள் இருந்தன. பின்பக்க நிலங்களிலும், வீட்டை ஒட்டிய புல்நிலத்தின் தூரப் பாதியிலும் விதிப்படி இறைத்தோம். அடுத்த மழைக்குப் புல் முட்டி உயரத்துக்கு எழுந்து நின்றது. கிளப்பில் போவோர் வருவோரிடமெல்லாம் கார்த் இதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

"டல்லூரா ஊரே காலையில எந்திரிச்சதும் மொத வேலையா எனக்காகத்தான்யா முக்கி முக்கி உழைக்குது. இப்படி ஒரு ஊரு எவனுக்குக் கெடைக்கும்?"

என்னைப் பார்த்தால் சேத்து மகாராணி என்று கும்பிடு போடுவான். எனக்கு அது பிடித்திருந்தது. நான் தனியாள். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. ஜன்னலுக்கு எதிரே, நெரிடாவுக்குப் பக்கத்தில். வேறு எந்த வீட்டிலும் எனக்கு அப்படி ஒன்று இல்லை.

கேக்கில் நாங்கள் தேடாத ஒன்று இருந்தது. டல்லூராவில் ஒரு கம்பளத் தொழிற்சாலை இருந்தது, பிறகு மூடிவிட்டார்கள். கம்பளத்தில் கறை ஒட்டாமலிருக்க அங்கே பூசிய ரசாயனம் அதன் கழிவுநீரோடு பல காலம் எங்கள் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. அது அழியாத சாதி. மண்ணில் கிடக்கும், புல்லில் ஏறும், ஆட்டில் ஏறும், முட்டையில் இன்னும் அதிகமாக ஏறும், கடைசியில் மனித ரத்தத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைத் தேட வேண்டும் என்று அப்போது எங்களுக்கு விதி கிடையாது. நானாகத்தான் அந்தக் காலத்துப் பழைய குவியலில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன். வாரியத்தில் வேறு யாருக்கும் அது தோன்றவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முடிவு மோசமாக வந்தது. அதே சமயம் தலைநகரில் இந்த ரசாயனத்துக்கு ஓர் உச்சவரம்பு வைக்க நிபுணர் குழு போட்டிருந்தார்கள். என்னையும் சேர்த்திருந்தார்கள். அவர்கள் கணக்குப் போட்ட விதம் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. கடையில் வாங்கிச் சாப்பிடும் ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. அவர் இந்த வாரம் ஒரு பண்ணையின் கறி சாப்பிடுவார், அடுத்த வாரம் வேறொன்று. எங்காவது ஒரு பண்ணையில் விஷம் இருந்தாலும் அவருக்குத் துளிதான் வந்து சேரும். எங்கள் பக்கம் அப்படியில்லை. வீட்டுக்கென்று அறுக்கும் ஆடுகளைத் தனியாக வைத்திருப்போம். வீட்டை ஒட்டிய புல்நிலத்தில்தான் அவை மேயும். சனிக்கிழமை பிடிப்பதற்குச் சுலபம், நல்ல புல்லும் அங்கேதான் இருக்கும். கோழிகளும் அங்கேயே கிளறிக்கொண்டு திரியும். ஒரே நிலத்துக் கறி, ஒரே நிலத்து முட்டை, வருஷம் பூராவும். சந்தைக்குப் போகிற ஆட்டுக்கு அந்த நிலத்தில் இடமே கிடையாது.

குழுவின் தலைவர் டாக்டர் லாங்லியிடம் இதைச் சொன்னேன். நல்ல மனிதர். கோபமே வராது. அதுதான் அவரிடம் எனக்குக் கோபம் வரவழைத்த விஷயம்.

"ராஸ், இப்பல்லாம் யாரு சொந்த ஆட்ட அறுத்துச் சாப்பிடுறாங்க?"

"எங்க பக்கம் வாங்க, பாதி வீட்டுல காட்டுறேன்."

"நீ வாயால சொன்னா அமைச்சர் ஒத்துக்கிடுவாரா? ரத்தத்துல காட்டும்மா. ஒரே ஒரு குடும்பம் போதும், ஒழுங்கா அளந்து காட்டினா. இல்லாட்டி இந்த வரம்பு இப்படியே போயிரும், நானும் ஒண்ணும் செய்ய முடியாது."

அந்த வரம்பு அப்படியே போயிருந்தால் பழைய குவியல் முழுவதும் சட்டப்படி நல்ல உரம். மாநிலம் பூராவும் அப்படி எத்தனையோ குவியல்கள். எத்தனை வீட்டு மேஜைகள் என்று யோசித்துப் பாருங்கள். நான் யோசித்தேன். அந்த அறையில் யோசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பென்ரோஸ் குடும்பத்திடம் சொல்லிவிடத்தான் போனேன். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. சனிக்கிழமை காலை. கார்த் கொட்டகை உத்தரத்தில் ஆட்டைத் தொங்கவிட்டுத் தோலை உரித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மகாராணி. இன்னைக்கு என்ன, சேறு கொண்டாந்தியா, வெறுங்கையா?"

"உங்கிட்ட ஒரு விஷயம் பேசணும் கார்த்."

"பேசு. ஆனா மொதல்ல அந்தக் கால பிடி. அதிகாரின்னா சும்மா நிக்கலாம்னு எவன் சொன்னான்?"

காலைப் பிடித்துக்கொண்டேன். அவன் அறுத்துக்கொண்டே மழையைப் பற்றி, மகன் ரீஸ் கல்யாணம் செய்யப்போவதைப் பற்றி, கடற்கரை ஊர்ப் பெண் எப்படித்தான் இந்த ஈக்கூட்டத்தில் குடித்தனம் செய்யப்போகிறாளோ என்று பேசிக்கொண்டே போனான். நெரிடா வந்து ஓர் அட்டைப்பெட்டியை என் கார் பின்சீட்டில் வைத்தாள். ஒரு தோள், கொஞ்சம் விலா, ஈரல், மேலே துணியில் சுற்றிய முட்டைகள். என்னால் மறுக்க முடியவில்லை. அவளிடம் யாராலும் முடியாது.

திரும்பும் வழியில் அந்தப் பெட்டியின் மணம் காரெல்லாம் நிறைந்திருந்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. லாங்லி கேட்டது என் பின்சீட்டில் இருந்தது. ஒரு குடும்பம், ஒரு நிலம், ஒழுங்கான அளவு. அவர்களிடம் விஷயத்தைச் சொன்னால் மறுநாளே சாப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள். நானாக இருந்தாலும் நிறுத்துவேன். நிறுத்திவிட்டால் அளப்பதற்கு என்ன இருக்கிறது? பெட்டியை நேராகச் சோதனைச்சாலைக்குக் கொண்டுபோனேன். ஒரு தடவை அளந்துவிட்டு அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு அளவு போதாது. இந்தத் துறையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மழைக்காலத்தில் ஒன்று, வெயிலில் ஒன்று, பழைய ஆடு, புது ஆடு. நெரிடா கொடுத்த ஒவ்வொரு பெட்டியும் அங்கேதான் போனது. வீணாகவில்லை என்று சொன்னேன் இல்லையா, இதைத்தான் சொன்னேன்.

ரத்தத்துக்கு வழி தேட வேண்டியதாகவே இல்லை. ஆடு வளர்க்கிறவர்களுக்கு ஆட்டிலிருந்து தொற்றும் கியூ காய்ச்சல் வரும், எல்லோருக்கும் தெரியும், சோதனை செய்துகொள்வதும் வழக்கம். வாரியம் இலவசமாகச் செய்கிறது என்று சொல்லி ஊர் மருத்துவமனையில் ஏற்பாடு செய்தேன். கியூ காய்ச்சல் சோதனையையும் உண்மையாகவே செய்தோம். கூடுதலாக ஆளுக்கு ஒரு குப்பி ரத்தம் எடுத்தோம், அவ்வளவுதான். குடும்பம் எல்லாம் தெரிந்தே சம்மதித்திருக்கிறது என்று நர்ஸிடமும் லாங்லியிடமும் சொன்னேன். பொய்தான். நான் சொன்ன பொய்களில் அதுதான் எனக்கு லேசாக உறுத்தியது.

ஊரார் சொல்வதில் ஒரு பாதி உண்மை உண்டு. நான் அந்த வீட்டில் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டேன். வயிறு சரியில்லை, இப்போதுதான் சாப்பிட்டேன், வேறு ஓர் இடத்துக்குப் போக வேண்டும் என்று ஏதாவது சொல்வேன். நெரிடாவுக்கு அது மனதில் பட்டுவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். ரீஸும் அவன் மனைவி ஷௌனாவும் இருந்தார்கள். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். அன்றைக்குத்தான் அவள் கர்ப்பமாக இருப்பதைச் சொன்னார்கள். கார்த் எழுந்து போய்க் கொட்டகையில் நின்று அழுதுவிட்டு வந்தான். கண்ணில் வைக்கோல் தூசி என்றான். யாரும் நம்பவில்லை.

பிறகு நெரிடா கறியைப் பரிமாறினாள். என் தட்டில் மலையாகக் குவித்தாள். அப்போது ஷௌனா என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ராஸ், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஆஸ்பத்திரியில கர்ப்பிணிங்க கூட்டத்துல ஒரு பொண்ணு சொல்லுச்சு, கேக் போட்ட நெலத்து முட்டையெல்லாம் விசாரிச்சுட்டுச் சாப்பிடுங்கன்னு. நெசமா?"

"ஆரம்பிச்சுட்டாப்பா," என்றான் கார்த். "கடற்கரைக்காரங்களுக்கு எதப் பாத்தாலும் பயம். மீனு மட்டும் கழுவிக் கழுவித் திம்பாங்க."

"நீங்க சும்மா இருங்க மாமா. நான் ராஸத்தான் கேக்குறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தை நீங்கள் மறுபடி மறுபடி கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். வாய் வரைக்கும் வந்தது. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கும். ஈக்களைத் திட்டிக்கொண்டே காய்கறிப் பாத்தி போட்ட பெண். அவள் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் லாங்லியின் முகம் நினைவுக்கு வந்தது, அந்தப் பொறுமையான முகம்.

"இந்தப் பண்ணையில எறைச்சதெல்லாம் வரம்புக்குள்ளதாம்மா," என்றேன். "ஒரு லோடுகூட மீறினதில்ல."

அது உண்மை. வரம்பே இல்லாத ஒன்றை யாரும் மீற முடியாது.

"அது சட்டம். நான் அதக் கேக்கல. நீங்க சாப்பிடுவீங்களா?"

நான் கத்தியையும் முள்கரண்டியையும் எடுத்தேன். சாப்பிட்டேன். தட்டிலிருந்தது முழுவதையும் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். ஒரு வேளைச் சாப்பாடு எனக்கு ஒன்றும் செய்யாது, அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். நெரிடா அப்படிச் சந்தோஷப்பட்டாள். ஷௌனாவும் சிரித்துவிட்டு ஒரு முட்டையை எடுத்து உரித்தாள். அன்று கறி அருமையாக இருந்தது.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் இரண்டாவது லோடு. நீங்கள் கவனக்குறைவு என்று எழுதியிருப்பது இதைத்தான். வீட்டுப் புல்நிலத்தில் பச்சை மங்குகிறது என்று கார்த் சொன்னான், சிநேகிதத்துக்காக நான் இடைவெளி விதியைத் தளர்த்திக் கோழிக்கூடு வரைக்கும் இறைக்கவிட்டேன், எந்தக் குவியலிலிருந்து லாரி ஏற்றியது என்று பார்க்கவில்லை. இப்படித்தான் உங்களிடம் பதிவாகியிருக்கிறது. இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். அதற்கு வருகிறேன்.

வசந்தத்தில் குழந்தை பிறந்தது. பெண். ஹேட்டி என்று பெயர் வைத்தார்கள். நன்றாகப் பால் குடிக்கும் குழந்தை. கைக்குழந்தைக்கும் கியூ காய்ச்சல் வரலாம் என்று ஷௌனாவிடம் சொன்னேன், பொய்யில்லை, வரலாம். குதிகாலில் குத்தி எடுத்தபோது அலறியது. நான்தான் தூக்கி வைத்துக்கொண்டு சமாதானப்படுத்தினேன். தாய்ப்பாலும் கொஞ்சம் வேண்டும் என்றபோது ஷௌனா ஏன் என்று கேட்கவில்லை. அந்த மத்தியானத்துக்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் ஏன் என்று கேட்டதே இல்லை.

குழு அந்த எண்களைப் பார்த்த அன்று லாங்லி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். வரம்பு அவர்கள் நினைத்திருந்ததில் ஒரு சிறு பங்காகக் குறைந்தது. பழைய குவியல்களையெல்லாம் மூடி முத்திரை வைக்க உத்தரவு போனது. இந்த மாநிலத்தில் இனி ஒரு பண்ணைக் குடும்பத்தின் மேஜைக்கும் அது வராது. நீங்கள் என்னைக் கைது செய்யலாம், அந்த வரம்பைக் கைது செய்ய முடியாது.

புது வரம்பை விளக்க லாங்லி ஊர் ஊராகப் போனார். டல்லூரா மண்டபத்துக்கும் வந்தார். வர வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்; விவசாயிகளை நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்றார். பென்ரோஸ் குடும்பம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது. ஹேட்டி ஷௌனாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மேடையில் லாங்லிக்குப் பக்கத்தில்.

அவர் நன்றாகவே பேசினார். கடைசியில், பெயர் சொல்ல முடியாது, ஆனால் இந்தச் சமவெளியில் ஒரு குடும்பத்துக்கு நாமெல்லாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்றார். தாத்தா, பாட்டி, ஒரு இளம் தம்பதி, பால்குடிக் குழந்தை. சொந்த ஆட்டை அறுத்துச் சாப்பிடுகிறவர்கள். அவர்கள் உடம்பைக் கொடுத்து மற்றவர்களைக் காப்பாற்றினார்கள் என்றார். ஜனங்கள் கை தட்டினார்கள். கார்த் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான்.

ஷௌனா கை தூக்கினாள்.

"அந்த வீட்டுல கோழி வளக்குறாங்களா?"

"ஆமாம்மா. கறியவிட முட்டைதான் ஜாஸ்தி காட்டுச்சு."

"அவங்க ரத்தம் எப்படி எடுத்தீங்க?"

"முழுச் சம்மதத்தோடதான். அவங்களுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாதுன்னு, வழக்கமா எடுக்குற கியூ காய்ச்சல் சோதனையோடயே சேத்து எடுத்துட்டோம். ரொம்ப நல்ல குடும்பம்."

மண்டபத்தில் இன்னும் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"அந்தக் கொழந்தைக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள் ஷௌனா. குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"அது இப்பத் தெரியாதும்மா. வளர வளரத்தான் தெரியும்."

கார்த் பக்கத்தில் குனிந்து அவளிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "யாரும்மா அந்தக் குடும்பம்? நமக்குத் தெரிஞ்சவங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, வரிசையிலிருந்து வெளியே வந்து, பின்கதவு வழியாகப் போனாள். நெரிடாவும் ரீஸும் அவள் பின்னாலேயே ஓடினார்கள். கார்த் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தான். லாங்லி திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் பொறுமையில்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது இரண்டாவது லோடு.

நான் அந்தக் குவியலைப் பார்க்காமல் விடவில்லை. நானே போய்த் தேர்ந்தெடுத்தேன். பழைய குவியல், கம்பளத் தொழிற்சாலைக் காலத்தது. நிலையத்தில் மிச்சமிருந்ததில் அதுதான் மோசமானது. கார்த் என்னைக் கேட்கவும் இல்லை. பச்சை மங்குவதாக அவனிடம் சொன்னது நான். கோழிக்கூடு வரைக்கும் இறைக்கச் சொன்னதும் நான். ஆடுகளை எப்போது உள்ளே விடலாம் என்று அவன் கேட்டபோது, இது நன்றாகக் காய்ந்த கேக், காத்திருக்க வேண்டியதில்லை, மழை விழுந்ததும் விடு என்றேன். சந்தைக்குப் போகிற ஆடு ஒன்றுகூட அந்தப் புல்லைத் தின்னவில்லை. வெளியில் ஒரு மனிதருக்கும் அந்தக் கறி போய்ச் சேரவில்லை. எல்லாம் அந்த ஒரு மேஜைக்குத்தான். கவனக்குறைவு என்ற வார்த்தையை நீங்கள் எடுத்துவிடத்தான் வேண்டும்.

ஏன் என்று கேட்டீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் லாங்லி கூப்பிட்டிருந்தார். பெரியவர்களின் எண்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் அமைச்சர் வரம்பைப் பாதிதான் குறைக்க ஒத்துக்கொள்வார் என்றார். "கொழந்தைங்க விஷயம்னா வேற. ஆனா அதுக்கு நம்மகிட்ட ஒரு எண்ணும் இல்லையே ராஸ்." அவர் வருத்தமாகத்தான் சொன்னார், அவர் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை, அவரை இதில் இழுக்காதீர்கள். ஷௌனா அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நெரிடாவின் ரத்தத்தில் இருந்ததில் பாதிகூட அவளிடம் இல்லை. முதல் லோடின் வீரியமும் குறைந்துகொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் குழந்தை பிறக்கும்போது யாரும் திரும்பிப் பார்க்காத ஓர் எண் வந்திருக்கும். அவளுக்குள் போதுமான அளவு ஏறுவதற்குச் சில மாதங்கள்தான் இருந்தன. ஏற்றினேன்.

ஆம். குழந்தை வரப்போகிறது என்று தெரிந்த பிறகு, குழந்தைக்காகவே, தெரிந்தே செய்தேன்.

ஷௌனா பால் கொடுப்பதை நிறுத்திவிட்டாளாம். அவள் நிலையில் அது நியாயம்தான். ஹேட்டியை மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை சோதனைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வளர வளரத்தான் தெரியும் என்று லாங்லி சொன்னாரே, அதை யாராவது தொடர்ந்து பார்க்க வேண்டும். என்னைத் தவிர அந்தக் குழந்தையின் ரத்தத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர் யாரும் இல்லை.

எனக்கு ஈவிரக்கமில்லை என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்திலேயே தெரிகிறது. எனக்கு முன்பின் தெரியாத ஒரு வீட்டில் இதைச் செய்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். மேற்கே அப்படிப்பட்ட வீடுகள் நிறைய இருந்தன. நான் சுலபமான வழியைத் தேடவில்லை. எனக்கு மிகவும் பிரியமான வீட்டில்தான் செய்தேன். நான் கொடுத்த விலையை மட்டும் யாரும் கேட்கவே இல்லை.